எலிசேயோவின் கொல்லைக் குளியலறை

எலிசேயோவுக்கு மூக்கு அரித்தால் கை போகாது; தோள்தான் மேலே வரும். தோளில் தேய்த்துவிட்டு, நான் கவனித்தேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். இருமல் வந்தாலும் முழங்கை மடிப்புதான். வேலையை விட்டுப் பல வருடமாகியும் விரலால் முகத்தைத் தொடுவதில்லை.

நியூ மெக்ஸிகோவில் எங்கள் பள்ளத்தாக்குக்கு மேலே, மலை ஆலையில் அணுகுண்டின் நடுவில் வைக்கும் உருண்டையைச் செய்தவர். சுவரில் பொருத்திய தடித்த கையுறைகளுக்குள் கைவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் புளூட்டோனியத்தைக் கடைசல் இயந்திரத்தில் கடைவார். அங்கே பறந்த வேறொரு உலோகத்தின் தூள் நுரையீரலில் தங்கிவிட்டது. அதனால் மூக்கில் ஆக்சிஜன் குழாய். அதனால்தான் வீட்டுச் செவிலியாக நான். குண்டுக்குப் பணம் கொடுத்த அரசுதான் எனக்கும் சம்பளம் கொடுக்கிறது.

மோசமான நோயாளி இல்லை. மாத்திரையை ஒழுங்காக விழுங்குவார். பச்சை மிளகாய்க் குழம்பை நிறுத்தச் சொன்னால் மட்டும் காது கேட்காது. நாடி பார்க்கும்போது, "என்ன நர்ஸம்மா, இன்னும் ஓடுதா?" என்பார். "வாயை மூடுனா எண்ணுவேன்" என்பேன்.

வேலைக்குப் போன காலத்தில் கொல்லையில் தகரத்தால் ஒரு குளியலறை கட்டியிருந்தார். ஆலையில் குளித்துவிட்டுத்தான் விடுவார்கள். இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் அங்கே மறுபடி குளித்து, உடை மாற்றிய பிறகே உள்ளே வருவார். மகள் ஒர்லிந்தா சின்னவளாக இருந்தபோது கையை விரித்துக்கொண்டு ஓடி வருவாளாம். "அங்கேயே நில்லு" என்று கத்துவாராம். ஓய்வு பெற்றதும் அந்த இடத்தில் கோழிகளை அடைத்தார்.

இப்போது அதே வேலைக்கு ஒர்லிந்தாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். புதுக் குண்டுகளுக்குத் தொடர்ந்து பணம் ஒதுக்கலாமா என்று அரசு ஊர்க்கூட்டம் போட்டுக் கேட்டது. நிறுத்தினால் அவள் பிழைப்புக்கு வேறு மாநிலம் போக வேண்டும். அப்புறம் வீட்டில் எலிசேயோவும் ஆக்சிஜன் இயந்திரமும்தான் மிச்சம்.

அவருடைய அக்கா செல்சா வெள்ளிக்கிழமைதோறும் ஆலை வாசலில் எதிர்ப்புப் பலகை பிடிப்பவள். ஞாயிற்றுக்கிழமை அதே கையால் தம்பிக்குப் பீன்ஸ் கொண்டுவருவாள். கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு பாத்திரத்தை வைத்த வேகத்தில் மேசை ஆடியது.

"மூச்சுவிட முடியல உனக்கு. அவங்களுக்கு வக்காலத்து வாங்கப் போறியாக்கும்?"

"இந்த வீட்டைக் கட்டுனது அந்தச் சம்பளந்தானே அக்கா. நாம நிறுத்துனா மத்த நாட்டுக்காரனும் நிறுத்திருவானா?"

"எவனாவது முதல்ல நிறுத்தணும்ல?"

பிறகு இருவரும் ஒரே தட்டிலிருந்து சாப்பிட்டார்கள்.

கூட்டத்துக்கு ஆக்சிஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு நானும் போனேன். எலிசேயோ இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். பணத்தை நிறுத்தக் கூடாது, எங்கள் காலம் வேறு, இப்போது பாதுகாப்பு வந்துவிட்டது, அந்த நம்பிக்கையில்தான் என் பெண்ணையே அனுப்புகிறேன் என்றார். நல்ல கைதட்டல். செல்சா எழுந்தாள். பெரிதாக ஏதோ சொல்வாள் என்று எல்லாரும் திரும்பினார்கள்.

"அவ வேலை முடிஞ்சு வந்தா, வாசல்லயே கட்டிப்பிடிச்சுக்குவியாடா?"

"ஏன், அதுக்கென்ன?" என்றார் எலிசேயோ. குரல் உறுதியாகத்தான் இருந்தது.

ஒர்லிந்தா வேலையில் சேர்ந்த அன்று மாலை நான் போனபோது, முற்றமெல்லாம் கோழிகள். ஒன்று என் வண்டியின் மேலேறி உட்கார்ந்துகொண்டது. கொல்லைக்குப் போனேன். தகரக் கதவு திறந்திருந்தது. தரை தேய்த்துக் கழுவிய ஈரம் காயவில்லை. மாடத்தில் உறை பிரிக்காத சோப்பு. எலிசேயோ கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, நீலம் பாரித்த உதடுகளால் காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். குழாயைச் சரிசெய்து ஆக்சிஜனைக் கூட்டினேன். திட்டவும் செய்தேன்.

"இன்னிக்கு வகுப்புல உக்கார வச்சுப் பாடந்தான் நடத்துவாங்க. அவ பேனாவைத் தவிர எதையும் தொட்டிருக்க மாட்டா."

"தெரியும் நர்ஸம்மா."

கார் வந்து நின்றது. புது அடையாள அட்டை கழுத்தில் ஆட, ஒர்லிந்தா இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தாள். எலிசேயோ எழுந்தார். ஒரு கையை நீட்டி, உள்ளங்கை தெரிய அவளை நிறுத்தினார். மறு கையால் துண்டை நீட்டினார்.