இரும்புலியூர் கேட்டில் வெயில் பக்கம்

டீசல் இஞ்சின் என்றால் எனக்குப் பைத்தியம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரம் வழியாக மீட்டர்கேஜ் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்டவாள ஓரம் போய்விடுவேன். எனக்குப் பெண் பார்க்க நாள் குறித்தால்கூட, அன்றைக்கு எந்த வண்டி வருகிறது என்றுதான் முதலில் யோசிப்பேன்.

அதிலும் ஒரு இஞ்சின் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நான் பிறந்த வருஷத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. செய்த ஊரும் வருஷமும் பொறித்த சின்னத் தகடு ஒன்று அதன் பக்கவாட்டில் உண்டு. தாம்பரத்தில் அது நின்ற ஒருநாள் அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். அதிர்வு விரல் வழியாக முழங்கை வரை ஏறியது. என் வயசுதான் அதற்கும். நான் ஒரு சைக்கிளை மிதிக்கவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், அது ஊர் சனத்தையே இழுத்துக்கொண்டு ஓடியது.

அதை அடிக்கடி ஓட்டியவர் இரும்புலியூரில் எங்கள் எதிர்வீட்டு டிரைவர் சார். விழுப்புரத்திலிருந்து காலை வண்டியைக் கொண்டு வரும்போது, கேட்டுக்கு முன்னால் ஹாரனை நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு அடிப்பார். வீட்டில் அவர் மனைவி அதைக் கேட்டதும் அரிசி களைய எழுந்துவிடுவார். எழும்பூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு எலெக்ட்ரிக் டிரெயினில் அவர் திரும்பும்போது சோறு சூடாக இருக்கும்.

அவர் ரிடையர் ஆவதற்கு முதல் நாள் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கு கடைசி டிரிப்பு. இத்தனை வருஷத்துல அவர் ஓட்டி நான் பார்த்ததே இல்ல. கேட்டாண்ட போய் நின்னா கிண்டல் பண்ணுவாங்கன்னு போனதில்ல. அவர் இஞ்சின்ல ஒக்காந்திருக்கற மாதிரி ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடு."

"கவலைய விடுங்கக்கா" என்றேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றேன். ரயிலைப் படம் எடுப்பவனுக்கு முதல் பாடம், வெயில் முதுகில் பட நிற்க வேண்டும். காலை வெயிலுக்குத் தோதாகப் பாதையின் கிழக்குப் பக்கம் நின்றேன். தெற்கே கரும்புகை தெரிந்தது. தரை லேசாக அதிர்ந்தது. அதே இஞ்சின், முகப்பில் சாமந்தி மாலை. அதை இத்தனை அழகாக நான் பார்த்ததில்லை. நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. அப்படியே கிளிக் செய்தேன். ஜன்னலில் கையாட்டிக்கொண்டு போனவர் ஒரு மீசைக்காரர், உதவி டிரைவர்.

நம் ஊரில் டிரைவர் உட்காருவது இடது பக்கம். வடக்கே போகும் வண்டிக்கு அது மேற்கு. எத்தனையோ பேரிடம் நானே அளந்துவிட்ட விஷயம்தான். பழக்கதோஷத்தில் கால் மட்டும் வெயில் பக்கம் போய் நின்றுவிட்டது. இனி அந்த மனிதர் இஞ்சின் ஏறப்போவதில்லை. கேட் திறந்து சைக்கிள்களும் லாரிகளும் போய்த் தீர்ந்த பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

பிரிண்ட் வந்த பிறகும் ஒரு வாரம் அவர்கள் கண்ணில் படாமல் திரிந்தேன். கடைசியில் ஒரு சாயங்காலம், இருவரும் வீட்டில் இருந்தபோது போய் நீட்டினேன்.

"மன்னிச்சிடுங்கக்கா. சார் அந்தப் பக்கம் இருந்தார். முகம் விழல."

டிரைவர் சார் எட்டிப் பார்த்து, "என் அசிஸ்டென்ட் நல்லா விழுந்திருக்கானே" என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரயிலில் போகும்போதெல்லாம் அவருக்குத் தெரிந்தது ஏறி இறங்கிய பெட்டிதான். இஞ்சின் எப்போதும் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் இருக்கும். படத்தில் பச்சைக்கொடியோடு நின்ற கேட்மேன் அதன் பாதி உயரம்கூட இல்லை.

"இதையா நீங்க ஓட்டினீங்க?"

"ஆமா. பின்ன?"

"ஹாரன் சத்தத்த வெச்சு, ஏதோ லாரி மாதிரி இருக்கும்னு நெனச்சிருந்தேன்."

டிரைவர் சார் கூச்சத்தில் சட்டைப் பொத்தானைத் திருகினார். அக்கா படத்தை மடியில் வைத்துவிட்டு, நிமிர்ந்து அவரையே பார்த்தார். இஞ்சின் வரும்போது என் முகம் எப்படி ஆகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.