மஞ்சள் தண்ணீர் வந்த குழாய்

என் வீட்டில் ரப்பர் குழாயின் வாய் வாளித் தண்ணீரைத் தொடக் கூடாது. எண்பதுகளில் கல்யாணமாகி ஈப்போவுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதற்காக நான் சண்டை பிடிக்காத ஆள் இல்லை. குழாய் வாளிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்தான் தொங்க வேண்டும். தெறித்தால் தெறிக்கட்டும். என் கணவர் இதைக் கிறுக்கு என்பார். கிறுக்காகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மாவுக்கு மருந்தடிக்கிற வேலை. களைக்கொல்லியைத்தான் தோட்டத்தில் மருந்து என்பார்கள். கொல்வதற்கு வைத்த பெயரைப் பாருங்கள். காலையில் பெண்கள் மருந்து ஸ்டோரில் பெரிய பீப்பாய்க்குள் ரப்பர் குழாயை விட்டுத் தண்ணீர் பிடித்து, மருந்தைக் கலந்து, பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போவார்கள்.

என் தம்பி அப்போது நடக்கக்கூடப் பழகவில்லை. ஒருநாள், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் பால் மாவு கரைத்துக் கொடுத்ததைக் குடித்தவன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. அன்றைக்கு எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் வேறு சில பிள்ளைகளும் வாந்தி எடுத்தார்கள். பெரிய பிள்ளைகள், தேறிவிட்டார்கள். அதை யாரும் யோசிக்கவில்லை.

“மருந்துக் கைய சரியா கழுவாம புள்ளையத் தூக்கிருப்பா லா” என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மாவும் அதையே நம்பினாள். சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல்கள் வெடித்துப்போயின. என் தலையை வாரிவிடுவதை நிறுத்தினாள். சோற்றைக்கூடத் தட்டில் போட்டு எட்டத் தள்ளிவைப்பாள். தம்பியோடு அம்மாவையும் சேர்த்துப் பறிகொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுவருஷம் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. கோயில் மேட்டில் இருந்தது, லயங்கள் கீழே. கோயில் பைப்பில் ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட பீப்பாய்க்குள் முழுகவிட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். திருவிழாச் செலவில் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி காலியாகி, பைப்பில் தண்ணீர் வருவது நின்றது. குழாயை யாரும் வெளியே எடுக்கவில்லை.

கீழே எங்கள் லயத்துப் பைப்பை அடுத்த வீட்டு அக்கா திறந்தாள். மஞ்சள் தண்ணீர் கொட்டியது. வேப்பிலை வாசம் வேறு.

“ஆத்தா நம்ம லயத்துக்கே வந்துட்டா” என்று அவள் கைகூப்பினாள். பைப்புக்கு முன்னால் சூடம் ஏற்றினார்கள். குலவை போட்டார்கள். உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார்கள், பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு வாய் கிடைத்தது. நானும் கும்பிட்டுவிட்டுத்தான் குடித்தேன்.

அம்மா குடிக்கவில்லை. பைப்பைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள், விறுவிறுவென்று கோயிலுக்கு ஏறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பீப்பாயில் மஞ்சள் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. அம்மா குழாயைப் பிடித்து வெளியே இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து, “நின்னு போச்சு” என்று குரல் வந்தது.

கோயில் வேலையாக அங்கே நின்ற, தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோரிடம் அம்மா சொன்னாள்: “அண்ணே, தண்ணி நின்னா பைப்பு இதுல உள்ளத உறிஞ்சி கீழ வுடுது. மருந்து ஸ்டோரும் மேட்டுலதான் இருக்கு. அங்கயும் குழாய இப்படித்தானே உள்ள போடுறோம்.”

“திருவிழா நாள்ல பேசுற பேச்சா இது? ஆத்தா வந்ததப் போயி மருந்தோட சேத்துப் பேசாத. போ லா.”

மறுநாள் விடிந்ததும் அம்மா பாராங் கத்தியோடு ஸ்டோருக்குப் போனாள். ரப்பர் குழாயைப் பாதியாக வெட்டி, அதன் வாய் பீப்பாய் விளிம்புக்கு மேலேயே நிற்கும்படி உத்தரத்தில் கட்டினாள். மண்டோர் கத்தித் தீர்த்தார். கட்டை அவிழ்க்க அவள் விடவில்லை. ஆத்தாளைப் பொய்யாக்கியவள் என்று லயத்தில் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அவள் அந்தக் கட்டைக் கட்டியிருந்தாள்.

அப்பாவுக்கு மட்டும் முகம் தெளிந்திருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அவருக்கு அன்றுதான் புரிந்திருக்க வேண்டும். சாயங்காலம் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“பாத்தியா, உன் கையில ஒண்ணும் இல்ல. புள்ளைக்குத் தண்ணியிலதான் வந்திருக்கு. இனிமே அழுவாத.”

அம்மா தன் வெடித்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “தண்ணி நின்னுட்டா குழாய உள்ளயே வுட்டுட்டு வெத்தல போடப் போறது யாரு? நான்தாங்க” என்றாள்.

ஸ்டோரில் தண்ணீர் பிடிக்கிற வேலையை நாலைந்து பெண்கள் மாறி மாறிச் செய்தார்கள். தம்பி போன அன்று குழாயைப் போட்டது யார் என்று அம்மாவுக்கே நினைவில்லை. நான் வளர்ந்த பிறகு இதைச் சொல்லி எத்தனையோ தடவை அவளோடு வாதாடியிருக்கிறேன், கத்தியும் இருக்கிறேன். மருந்தையும் குடிதண்ணீரையும் ஒரே பைப்பில் இழுத்துவிட்ட துரைமார் யாருக்கும் ஒருநாள் தூக்கம் கெட்டிருக்காது. அம்மாதான் சாகிறவரைக்கும், “அன்னைக்கும் நான்தான் போட்டிருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.