சன்னல் வழியே தெரிந்த பச்சை ஊசி

இன்று திருச்செங்கோடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க, ரிக் ஆபீஸ்ல மேப்பு மாட்டி வெச்சிருந்தவரு நீங்கதானுங்களே?”

நானேதான்.

எண்பதுகளில் எங்கள் முதலாளியின் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வடக்கே ஊர் ஊராகச் சுற்றின. எது எங்கே நிற்கிறது என்று தெரிய, இந்தியா மேப்பில் குண்டூசி குத்தி வைத்தேன். முதலாளிக்கு அது போதவில்லை. ஆழம், டீசல், ஆள் கணக்கு எல்லாம் சீட்டில் எழுதி ஊசியிலேயே கோக்கச் சொன்னார்.

கொஞ்ச நாளில் இந்தியாவே சீட்டுக்குள் மறைந்துவிட்டது. ராஜஸ்தானில் ஒரு வண்டி பழுதாகி நின்றது யார் கண்ணிலும் படவில்லை.

சீட்டையெல்லாம் கழற்றி, வண்டிவாரியாகப் பெட்டியில் போட்டேன். மேப்பில் ஊசி மட்டும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு.

முதலாளி கத்தினார். “ஒன்னையும் வீசலீங்க, வேணுங்கறப்போ பெட்டியத் தொறந்து பாத்துக்கலாமுங்க” என்றேன்.

அந்த அம்மா சொன்னார்: “எங்க ஊட்டுக்காரரு வண்டி எந்த ஊசின்னு ஒருக்கா கேட்டேன், காட்டுனீங்க. அப்பறம் தெனமும் ஆபீஸ் சன்னல்லயே எட்டிப் பாத்துக்குவேனுங்க. பச்சையா இருந்தாத்தான் அன்னிக்குச் சோறு எறங்கும்.”



கம்பெனிக் கணக்கையெல்லாம் ஒரே திரையில் அடுக்கிக் காட்டும் டேஷ்போர்டு செய்யும் என் மகனிடம், வீட்டுக்கு வந்ததும் பெருமையாகச் சொன்னேன். “பில்டர் போட்டு மத்ததையெல்லாம் மறைச்சா எங்களுதுலயும் அப்படித் தெரியுமுங்கப்பா” என்கிறான்.

யாராவது அவனுக்கு ஒரு டப்பா குண்டூசி அனுப்பி வையுங்கள்.