விளக்கு போடாத அறை

பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் ஒன்பது வருடமாகக் கணக்கு நடத்துகிறாள். பிள்ளைகள் வைத்த பெயர் சாவி டீச்சர். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து அவளுக்கு முன்னால் வகுப்புக்குள் நுழைந்துவிடும். வேலை இன்னும் தற்காலிகம்தான்.

தாளில் குத்தி எழுதும் பிரெய்ல் புள்ளிகளைப் பிள்ளைகள் விரலால் படித்தார்கள். அவள் கண்ணால் படித்தாள். வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளிகள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் பொடி நிழல் கிடைக்கும். பார்வையுள்ள ஆசிரியர்கள் எல்லோரும் அப்படித்தான். யாரும் கேட்டதில்லை.

இந்த வருடம் கேட்டார்கள். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் ஒரு பக்கத்தை விரலால் படித்துக் காட்ட வேண்டும்.

வீட்டில் கண்ணை மூடிப் பழகிப் பார்த்தாள். கணவர் தையல்காரர். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்ன எழுதியிருக்கு?"

"கொரகொரன்னு இருக்குங்க."

"அவ்வளவு எனக்கே படிக்க வரும்."

தேர்வு வைக்கும் தேர்வாளருக்கும் பார்வை கிடையாது என்று பிறகு தெரிந்தது.

"அப்புறம் என்ன? கண்ணால படிச்சிட்டு வா. அவர் என்ன பார்க்கவா போறாரு?" என்றார் கணவர்.

அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. பழகுவதை அன்றோடு விட்டாள்.

தேர்வு நாளில் மழை. சன்னலை மூடியிருந்தார்கள். தேர்வாளர் விளக்கைப் போடவில்லை; அவருக்கு அது தேவைப்பட்டதேயில்லை. மேசை தெரிந்தது. தாள் தெரிந்தது. புள்ளி தெரியவில்லை.

"ஆரம்பிங்க மேடம்."

தாளை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். சாய்த்தாள். திருப்பினாள்.

"தாள் மேசையிலயே இருக்கட்டும்."

வைத்தாள். விரலை ஓட்டினாள். கொரகொரவென்று இருந்தது.

"சார், லைட்டு போட்டுக்கட்டுமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று புரிந்தது.

"போட்டுக்குங்க. சுவிட்ச் எங்கன்னு எனக்குத் தெரியாது. இந்த வாரத்துல கேட்ட மூணாவது ஆள் நீங்க."

அவள் எழுந்திருக்கவில்லை.

"ஃபெயிலா சார்?"

"ஃபெயில்தான். மூணு மாசம் கழிச்சு வாங்க. இதே ரூம்தான். அப்பவும் லைட்டு இருக்காது."

"அதுவரைக்கும் வேலை?"

"இருக்கும். அதுக்கப்புறம் விரல்தான் சொல்லணும்."

மறு வாரம், தன் பாடவேளை முடிந்ததும், இரண்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முழங்கால் பெஞ்சுக்குள் அடங்கவில்லை. பக்கத்தில் ஏழு வயதுப் பெண் இரண்டு பக்கம் படித்து முடித்திருந்தாள்.

"டீச்சர் இன்னும் முதல் வரியிலயே நிக்கிறாங்க!" என்று டீச்சரின் விரலைத் தொட்டுப் பார்த்து வகுப்புக்கு அறிவித்தாள்.

"சும்மா இருடி. வந்துக்கிட்டுதான் இருக்கேன்."

அடுத்த வரியை டீச்சர் கடகடவென்று படித்தாள். சிறுமிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கையை நீட்டி டீச்சரின் முகத்தைத் தடவினாள். இமை திறந்திருந்தது.

"ஐயே, ஏமாத்துறீங்க. முதல்லேருந்து படிங்க."

டீச்சர் கண்ணை மூடினாள். இமைகளின் மேல் அந்தச் சின்னக் கை அப்படியே இருந்தது. முதல் வரியை முடிக்க நெடுநேரமாயிற்று. சிறுமிக்குக் கை வலித்திருக்க வேண்டும். மற்றொரு கையை மாற்றி வைத்துக்கொண்டாள்.