நான்காம் தொட்டியின் இரண்டு பதில்கள்

இதை நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு கட்டாயமும் இல்லை. நடந்தது. பட்டப்பகலில், உச்சி வெயிலில் நடந்தது. நாய் ஊளை, மழை, நடுராத்திரி என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

நான் இ.சி.இ. முடித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா பேரணாம்பட்டில் தோல் கம்பெனியின் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனவர். எனக்கு வேலை கிடைத்த அன்று, "படிச்சுட்டு நீயும் அந்த நாத்தத்துக்கே போறியா?" என்று கேட்டார். வேறு எங்கே கூப்பிட்டார்கள் என்னை?

தோல் கம்பெனிகளின் கழிவுத் தொட்டிகளில் வாயு அளக்கும் சென்சார் மாட்டுவது என் வேலை. தொட்டியில் கசடு புளித்தால் ஒரு வாயு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துவிடும். "நாத்தம் போயிடுச்சு" என்று நிம்மதியாக இறங்குகிறவன் மேலே வர மாட்டான்.

ஆம்பூருக்கு வெளியே அந்தக் கம்பெனியில் நான்கு தொட்டிகள். ஒயர் இழுத்தால் அந்தக் காற்று மூன்றே மாதத்தில் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு தொட்டி வாயிலும் பேட்டரியில் ஓடும் சென்சார், அதில் கம்மி மின்சாரத்தில் பேசும் ரேடியோ. நான்கின் பேச்சையும் கேட்க, உள்ளங்கை அளவு கணினி ஒன்று. அதை ஒரு பெட்டியில் போட்டு, நான்காம் தொட்டி ஓரமாக ஓடும் இரும்புப் பைப்பில் நான்தான் கிளாம்ப் வைத்து முறுக்கியிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நான்காம் சென்சாரிடமிருந்து இரண்டு நாளாக அளவு எதுவும் வரவில்லை.

"நமாஸ் முடிஞ்சு வர்றதுக்குள்ள பச்சை லைட்டு எரியணும் மேடம்," என்றார் சூப்பர்வைசர் ஜியாவுல்லா. "அடியில பைப்பு அடைச்சிருக்கு. புகழேந்தி இறங்கி குத்தி விடணும். உறிஞ்சுற லாரி வேற வந்துடும்."

"சிக்னல் இல்லாம யாரும் இறங்கக் கூடாது சார்."

"அதான் சொல்றேன், சீக்கிரம் பண்ணு. பேஜார் பண்ணாத."

பச்சை விளக்கை எரிய விடுவது என் கையில் இருந்தது. அது எரிந்தால் புகழேந்தி இறங்குவார். அவ்வளவுதான் விஷயம்.

ஜும்ஆ தொழுகைக்காக, தோல் உருட்டும் டிரம் எல்லாம் நின்றன. மோட்டார் நின்றது. அத்தனை பெரிய கம்பெனியில் ஒரு சத்தம் இல்லை. புகழேந்தி வேப்ப மர நிழலில் இடுப்புக் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு வேலை செய்தவர்.

"இன்னாமா, பொட்டி உன்கிட்டயும் பேச மாட்டேங்குதா?"

"பேச வெச்சிடுறேன்ணா."

லேப்டாப்பைக் கணினியோடு கேபிளில் இணைத்தேன். ரேடியோவை ஒரு தடவை அணைத்து எழுப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று தொட்டிகள் உடனே பேசின. நான்கு மட்டும் மௌனம்.

எங்கள் தொழிலில் ஒரு சின்னக் கேள்வி அனுப்புவோம். 'இருக்கியா?' என்பது மாதிரி. அந்தப் பக்கம் உயிர் இருந்தால் 'இருக்கேன்' என்று பதில் வரும். ஒரு கேள்வி, ஒரு பதில்.

நான்காம் தொட்டிக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது. இரண்டு.

மறுபடி அனுப்பினேன். இரண்டு. சின்ன இடைவெளி விட்டு, ஒன்றன் பின் ஒன்றாக.

எரிச்சல்தான் வந்தது. இரண்டு சென்சாருக்கு ஒரே முகவரி கொடுத்துத் தொலைத்தேனா? சரிபார்த்தேன். இல்லை. அப்படியானால் பக்கத்துக் கம்பெனிக் கருவி ஏதாவது குறுக்கே வருகிறதா? என் ரேடியோவின் சேனலை மட்டும் மாற்றினேன். புதிய சேனலில் யாரும் இருக்க வழியில்லை. மற்ற மூன்று சென்சாரும் பட்டென்று காணாமல் போயின. சரிதான்.

நான்குக்குக் கேள்வி அனுப்பினேன்.

இரண்டு.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். மெல்லிய சத்தம். பைப்புக்குள்ளிருந்து... டங். டங்.

மோட்டார் ஓடவில்லை. பைப்பில் தண்ணீர் இல்லை.

ஆன்டெனாவைத் திருகிக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அனுப்பினேன்.

இரண்டு. டங்... டங்.

ரேடியோவையே நிறுத்தினேன். இனி வழியே இல்லை, போ என்று திரை என்னைத் திட்ட வேண்டும். அனுப்பினேன்.

இரண்டு.

பைப்பில் கை வைத்தேன். வெயிலில் கொதித்திருக்க வேண்டிய இரும்பு. ஜில்லென்றிருந்தது.

கையை எடுத்துக்கொண்டேன். எதையும் அனுப்பவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கேட்கவில்லை...

இரண்டு வந்தது.

மறுபடி...

இரண்டு.

பயம் வந்தது என்று எழுதினால் பொய். ஒன்றுமே வரவில்லை. விரல், உதடு, நாக்கு எல்லாம் மரத்துப் போயிற்று. அது மட்டும்தான்.

"ஆச்சா மேடம்?" ஜியாவுல்லா தொப்பியை மடித்துப் பாக்கெட்டில் வைத்தபடி வந்தார். "பதில் வருதா?"

"வருது."

"அப்புறம் இன்னா?"

"ஒன்னு கேட்டா ரெண்டு வருது சார்."

"ஜாஸ்தியாத்தானே வருது, கம்மியா இல்லையே! பச்சையப் போடு." சிரித்தார். வெளியே லாரி ஹாரன் அடித்தது.

என் விரல் பட்டன் மேல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். புகழேந்தி மூடியைத் தள்ளிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்திருந்தார்.

"நாத்தமே இல்லமா இன்னிக்கு," என்றார் சந்தோஷமாக.

"அண்ணா... தொட்டி வாய்ல இருக்கிற அந்த சென்சாரத் திறங்க."

"அதையா? அதுல பேட்டரியே இல்லியே."

"இன்னாது?"

"முந்தாநேத்து மூடியக் கழுவ தண்ணி அடிச்சோம். நனையப் போவுதுன்னு கழட்டிட்டேன்." சட்டைப் பாக்கெட்டில் கை விட்டார். இரண்டு பேட்டரியும் பீடிக்கட்டோடு வெளியே வந்தன. "திரும்பப் போடணும்னு தோணவே இல்ல பாரு."

"கால எடுங்கண்ணா."

"ஏம்மா..."

"கால எடுய்யா வெளிய!"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் எடுத்துவிட்டார்.

பேட்டரியை நானே போட்டேன். ஆன்டெனாவை மாட்டினேன். ரேடியோவை எழுப்பி, பழைய சேனலுக்குத் திருப்பினேன். நான்காம் சென்சார் உடனே வந்து சேர்ந்துகொண்டது. கேள்வி அனுப்பினேன். ஒரே ஒரு பதில். எவ்வளவோ தடவை அனுப்பிப் பார்த்தேன், ஒன்றுக்கு ஒன்றுதான். பைப்பில் சத்தம் இல்லை.

பிறகு அளவு வந்தது. நூறு. அதற்கு மேல் அந்தச் சென்சாருக்கு எண்ணத் தெரியாது. பத்தைத் தாண்டினாலே யாரும் இறங்கக் கூடாது.

ஜியாவுல்லா திரையைப் பார்த்தார். கேட்டைப் பார்த்து ஓடினார். லாரியைத் திருப்பி அனுப்பினார்கள்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் புகழேந்தி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் கண்ணாடி டம்ளரில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"இந்தக் கயிறு எதுக்குண்ணா? விழுந்தா இழுக்கவா?"

"அதுக்கும்தான். உள்ள இருந்து கத்துனா மேல கேக்காது இல்ல? கயிறுதான் பேச்சு. மேல நிக்கிறவன் அப்பப்ப ஒருவாட்டி இழுத்துப் பாப்பான். நல்லா இருந்தா கீழ இருக்கிறவன் ஒருவாட்டி இழுப்பான்."

"ரெண்டு வாட்டி இழுத்தா?"

"தூக்குன்னு அர்த்தம்."

டம்ளரைத் தள்ளி வைத்தேன். அவராகவே சொன்னார். "நீ வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி, நம்ம ஆதிகேசவன் இதே நாலாம் நம்பர்லதான் இறங்குனான். ஹார்ட் அட்டாக்னு எழுதிட்டானுங்க. ஹார்ட்டும் இல்ல, ஒன்னும் இல்ல. மேல நின்னவன், வூட்டுலேர்ந்து சோறு வந்திருக்குன்னு கூப்பிட்டாங்களாம், கயித்தக் கட்டி வெச்சுட்டு கேட்டுக்குப் போய்ட்டான். ரெண்டே நிமிஷம். அவன் எத்தினி வாட்டி இழுத்தானோ பாவம்."

"எதுல கட்டினாரு?"

புகழேந்தி என்னைப் பார்த்தார். அப்புறம் கயிற்றைப் பார்த்தார்.

"அந்தப் பைப்புலதான்மா. நீ பொட்டிய முறுக்கி வெச்சிருக்க பாரு... கயிறு அறுத்த தழும்பு இருந்திருக்குமே. அதே எடம்."

இருந்தது. பெயின்ட் உரிந்து ஒரு வளையம். கிளாம்ப் நழுவாமல் பிடிக்கும் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.