சேற்று எரிமலையில் ஒரு கை

பாராடாங் தீவின் சேற்று எரிமலைக்கு என் வகுப்பைக் கூட்டிப் போயிருந்தேன். மூங்கில் வேலிக்கு உள்ளே சாம்பல் நிறச் சேறு குமிழியிட்டது.

"உருகிய பாறை பூமிக்குள் இருந்தால் மாக்மா, வெளியே வந்தால் லாவா. இந்தச் சேறு லாவாவில் கொதிக்கிறது. தொட்டால் எலும்புகூட மிஞ்சாது" என்று முழங்கினேன். எல்லா நோட்டிலும் ஏறிவிட்டது. அங்கிருந்த காவலாளி, ஒல்லியான மனிதர், வேலிக் கழிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் பஸ்ஸுக்குப் போனதும் அவர் குனிந்து, முழங்கை வரை கையைச் சேற்றுக்குள் விட்டார். நான் அலறிய அலறலில் காட்டுக் கிளிகள் பறந்தன. அவர் நிதானமாகக் கையை எடுத்தார். முழுசாக இருந்தது.

"தண்டா ஹை சார், சில்லுன்னு இருக்கு. லாவா பாரன் தீவு எரிமலையிலதான். இங்க அடியில இருக்குற கேஸு சேத்தத் தள்ளுது, அவ்ளோதான்."

தொட்டேன். குளத்துச் சேறுதான். பத்து வருடமாக நான் நடத்தும் பாடம் இது.

"அப்பவே சொல்லக்கூடாதா அண்ணே?"

"பசங்க முன்னாலயா சார்? அதுவுமில்லாம, நீங்க சொன்னப்புறம் ஒருத்தனும் வேலிகிட்ட வரல."

பஸ்ஸில் ஏறியதும் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லி, எழுதியதை அடிக்கச் சொன்னேன். அவர் காப்பாற்ற நினைத்தது என் மானத்தையா, பிள்ளைகளையா, வேலியையா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.