போர்டு இல்லாத பறவைக் கரை

போர்டோ? இல்லைத்தான். நீங்கள் மட்டுமில்லை, வாற ஆக்கள் எல்லாரும் ரெண்டு தரம் தாண்டிப்போய், மாதா கோயிலடியிலை விசாரிச்சுப்போட்டுத்தான் திரும்பி வருவினம். இயற்கை நிலையம் எண்டு பேர், வாசலிலை ஒரு தகரம் கூட இல்லையே எண்டு கேப்பினம். அதுக்கொரு கதை இருக்கு. அந்த வாங்கிலை இருங்கோ. ஒரு கால் ஆடும், பயப்பிடாதேங்கோ.

பறவை காட்டுற வேலையிலை பறவையளாலை ஒரு கரைச்சலும் இல்லை, பாக்க வாற ஆக்களாலைதான். பஸ்ஸிலையோ வங்கியிலையோ, சனத்துக்கு முன்னாலை நிண்டு வேலை செய்யிற ஆருக்கும் நான் சொல்லுறது விளங்கும். எங்கடை நிலையம் குருநகர் தாண்டி, கடல் உள்ளுக்கு வாற களப்புக் கரையிலை, முந்தி ஐஸ் வைச்சிருந்த கட்டடம். பொறுப்பு சுகந்தி மிஸ், கொடிகாமத்திலையிருந்து பஸ்ஸிலை வாறவ. நான் வழிகாட்டி. பறவையளின்ரை இங்கிலீசுப் பேரெல்லாம் இரவு வகுப்பிலை படிச்ச இங்கிலீசாலைதான் சொல்லுறன். இண்டைவரைக்கும் ஒரு பறவையும் திருத்தினதில்லை.

குழாய்க்கண்ணாடி

வேலைக்குச் சேந்த புதுசு. விடிய வெள்ளன பைனாகுலரைக் கழுத்திலை கொழுவிக்கொண்டு கரையிலை போய் நிண்டன். தூரத்திலை ஒரு நாரைக் கூட்டம். நான் நாரையைப் பாக்க, கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்த ஆக்கள் என்னைப் பாத்தினம். அவையின்ரை கதை அப்பிடியே நிண்டுபோச்சு.

ஒருத்தர் எழும்பி வந்தார். யேசுதாசன் எண்டு பேர், என்னிலும் பத்து வயசு குறைவு. நான் நிண்டது அவரின்ரை வள்ளம் ஏறி இறங்கிற இடம். உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, கரை எண்டது வீதி மாதிரியில்லை, ஆளாளுக்கு இடம் இருக்கு. அந்த இடம் போனா வேறை இடம் இல்லை. கன வருசம் அந்தக் கரை ஆமியின்ரை முள்ளுக்கம்பிக்கு அங்காலை கிடந்து, பேந்துதான் அவையளுக்குத் திரும்பக் கிடைச்சது. இப்ப அவருக்கு இருந்த பயம் ஒண்டே ஒண்டுதான். ஆரோ குருவி எண்டு வருவினம், ஒரு போர்டு நாட்டுவினம், போர்டைக் காப்பாத்த வேலி போடுவினம், தன்ரை இடம் ரெண்டாந்தரமும் போயிடும்.

நான் குருவி பாக்கத்தான் வந்தனான் எண்டு சொன்னன். அவர் களப்பைப் பாத்தார், பைனாகுலரைப் பாத்தார், என்னைப் பாத்தார்.

"அண்ணை, இந்தக் கரையிலை குழாய்க்கண்ணாடியோடை நிண்டவன் ஒருத்தனும் குருவி பாத்ததில்லை."

காகக் கந்தோர்

புரட்டாதிச் சனிக்கிழமை ஒண்டு. இணுவிலிலையிருந்து ஒரு அம்மா நிலையத்துக்குப் போன் எடுத்தா. சனீஸ்வர விரதம். காகத்துக்குச் சோறு வைச்சு, அது வந்து திண்ட பிறகுதான் தான் சாப்பிடலாம். வைச்சு எவ்வளவோ நேரம், ஒரு காகத்தையும் காணேல்லை. "தம்பி, எனக்குச் சீனி வருத்தம் வேறை. தலை சுத்துது. உங்கடை கந்தோரிலை காகம் ஒண்டும் இல்லையோ?" எண்டா. அம்மா, இண்டைக்கு உங்கடை ஊரிலை வீட்டுக்கு வீடு சோறு வைச்சிருப்பினம், காகத்துக்கு வயிறு ஒண்டுதானே எண்டு நான் விளங்கப்படுத்தினன். "அப்ப அதுக்குச் செமிக்குமட்டும் நான் பாத்துக்கொண்டிருக்கிறதோ?" எண்டு அவ கேட்டது நியாயம்தான்.

எங்கடை பைப்பிலை தண்ணி பிடிக்க வந்த யேசுதாசன் கேட்டுக்கொண்டு நிண்டார். அந்த நேரம் அவர் பைப்படிக்கு மட்டும்தான் வருவார், உள்ளுக்கு வரமாட்டார். "இஞ்சை வரச்சொல்லுங்கோ அண்ணை. எங்கடை கரையிலை ஒருத்தரும் சோறு வைக்கிறேல்லை, காகம் சும்மாதான் நிக்குது" எண்டார். அம்மா மகன்ரை மோட்டச்சைக்கிளிலை வாழையிலைப் பொட்டணத்தோடை வந்து இறங்கினா. யேசுதாசன் வலை பொத்துற இடத்துக்குப் பக்கத்திலை இலையை விரிச்சு முடியேல்லை, அஞ்சாறு காகம் வந்திட்டுது. அவவின்ரை முகத்திலை அப்பிடி ஒரு ஆறுதல். பேந்து மீன் நாத்தம் மூக்கிலை அடிக்கத்தான் சந்தேகம் வந்தது. "தம்பி, இந்தக் காகம் மச்சம் சாப்பிடுறதோ?"

யேசுதாசன் வலையிலையிருந்து தலையை நிமித்தேல்லை. "ஓமம்மா, எங்கடை காகமெல்லாம் மாதா கோயில் வேதக்காரர்தான். ஆனா ஆர் சோறு குடுத்தாலும் வேண்டாமெண்டு சொல்லமாட்டினம்."

பூநாரையும் கனடாவும்

ஞாயிறு விடியப் பறவை பாக்க வாங்கோ எண்டு மிஸ் அறிவிச்சா. கரை ஆக்கள் பூசைக்குப் போயிட்டினம், தோட்டக்காரர் தண்ணி விடப் போயிட்டினம். வந்தது லீவிலை வந்து நிக்கிற வெளிநாட்டு ஆக்கள்தான். அதிலை ஒரு கனடாக்காரர், நல்ல மனிசன், தொப்பி, சப்பாத்து, கமெரா எல்லாம் சரி. களப்புக்கு நடுவிலை பூநாரைக் கூட்டம், வடிவா ரோசாக் கலரிலை, ஆனா தூரத்திலை. இன்னும் கிட்டப் போனா எழும்பிப் போயிடும் எண்டு நான் மறிச்சுப்போட்டன்.

மனிசன் கொஞ்ச நேரம் பொறுத்தார். கையைத் தட்டிப் பாத்தார், நான் தடுத்தன். கடைசியிலை என்னை ஒருக்கா நியாயம் கேக்கிற மாதிரிப் பாத்துச் சொன்னார்: "தம்பி, நாங்கள் குடும்பமா ஒரு பகல் ஒரு இரவு பறந்து வந்திருக்கிறம். உந்தப் பறவையளாலை ஒரு நூறு மீற்றர் நடந்து வரேலாதோ?"

பாதையிலை முட்டை

வைகாசி பிறந்து கொஞ்ச நாள். யேசுதாசன் முதல் தரமா நிலையத்துக்கு உள்ளுக்கு வந்தார். கதிரையைக் காட்டினன், இருக்கேல்லை. "அண்ணை, உங்கடை ஆக்கள் என்ரை பாதையிலை முட்டை போட்டிருக்கினம். ஒருக்கா வந்து பாருங்கோ" எண்டார்.

போய்ப் பாத்தன். ஆலா. கறுப்புத் தொப்பி போட்ட சின்ன வெள்ளைக் கடற்பறவை. கூடு கீடு ஒண்டும் கட்டாது, மணலைக் கொஞ்சம் சுரண்டிப்போட்டு அதிலையே போடும். முட்டையும் மணல் நிறம்தான், காட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. அஞ்சாறு இடத்திலை போட்டிருந்தது, எல்லாம் அவர் வள்ளத்தைக் கரைக்கு இழுத்து ஏத்திற தடத்திலை. அண்டைக்கு விடிய அவர் வள்ளத்தை இழுக்கேல்லை. பாரமான வள்ளத்தைத் தண்ணியிலையே கட்டிப்போட்டு, இடுப்பளவு தண்ணியிலை நடந்து வந்திருக்கிறார். "பெரிய உபகாரம் தம்பி" எண்டன். "உபகாரம் ஒண்டுமில்லை, மிதிக்க மனம் வரேல்லை" எண்டார்.

மிஸ் குடையோடை ஓடி வந்தா. ஆலா ஒண்டு அவவின்ரை குடையிலை குத்திப்போட்டுப் போச்சு. அவவுக்கு அதிலையும் சந்தோசம். இதை மேலை அறிவிக்கவேணும், ஒரு போர்டு போட்டாக் காணும், பாதுகாப்புக் கிடைச்சிடும் எண்டு அடுக்கிக்கொண்டே போனா. நிலைய வாசலுக்கு ஒண்டு, கரைக்கு ஒண்டு எண்டு போர்டுக்குப் படமும் கீறி வைச்சிருந்தவ, பாவம். யேசுதாசன் கேட்டு முடியுமட்டும் நிண்டார். பேந்துதான் வாயைத் திறந்தார்.

"மிஸ், முட்டை பொரிச்சாக் குஞ்சு வரும், அது பறந்துபோயிடும். போர்டு பொரிச்சா வேலி வரும். வேலி பறக்காது."

வெறுங்கயிறு

அண்டிரவு எனக்கு நித்திரை சரியில்லை. முட்டை தப்பினா அந்த மனிசன்ரை இடம் போகும், இடம் தப்பினா முட்டை போகும், நான் ரெண்டு பக்கமும் தலையாட்டின ஆள். விடியப் போய்ப் பாத்தா, முட்டை கிடந்த இடத்தைச் சுத்தி மிதப்புக் கயிறு ஒண்டு வளையமாக் கிடக்குது. வலையின்ரை மேல் விளிம்பிலை கட்டுற கயிறு, மிதப்புக் கட்டையளோடை. இந்தக் கரையிலை ஒருத்தன்ரை வலை காயிற இடத்திலை மற்றவன் கால் வைக்கமாட்டான். சண்டை பிடிச்சுக் கதைபேச்சு இல்லாதவன் கூடச் சுத்தித்தான் போவான். யேசுதாசன் வலையைக் கழட்டிப்போட்டு வெறுங்கயிறை விட்டிருந்தார். வலை கிடந்தாக் குஞ்சின்ரை கால் சிக்கிப்போடும் எண்டார். வள்ளத்தை மச்சான் அல்பிரட்டின்ரை இடத்திலை ஏத்தியிருந்தார். அல்பிரட் சம்மதிச்சவர்தான், ஆனா வாய் சும்மா இருக்காது. "உன்ரை குருவி பறக்குமட்டும்தான் மச்சான். பேந்து உன்ரை இடத்தை ஆர் வைச்சிருக்கினமோ, அவையோடை நீ பாத்துக்கொள்" எண்டு காலமையும் பின்னேரமும் சொல்லுவார். அந்தப் பயம் யேசுதாசனுக்கும் உள்ளுக்கு இருந்ததுதானே.

பள்ளிக்கூடப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு படிப்பிக்கிற சேர் ஒருத்தர் வந்தார். நான் பிள்ளையளுக்குச் சொன்னன், அதுகள் கேட்டுதுகள். சேருக்குச் சொல்ல மறந்துபோனன். அவர் போனை நீட்டிக்கொண்டு கயிறைத் தாண்டக் காலைத் தூக்கினார். அவ்வளவுதான், கரை முழுக்க ஒரே சத்தம். மீன் வெட்டிக்கொண்டிருந்தவை, வலை பொத்தினவை, அல்பிரட் கூட. சேர் தூக்கின காலை எங்கை வைக்கிறதெண்டு தெரியாமல் கொக்கு மாதிரி நிண்டார். "வலை ஒண்டும் இல்லையே, கயிறுதானே?" எண்டார்.

யேசுதாசன்ரை மனிசி மேரி மீன் கத்தியோடை எழும்பி நிண்டா. "கயிறு கிடந்தா வலை கிடக்குதெண்டு அர்த்தம் சேர். வலை கிடந்தா ஆள் கிடக்குதெண்டு அர்த்தம். ஆளை மிதிப்பியளோ?"

கொழும்பிலையிருந்து ஒருத்தர்

முட்டை பொரிச்சு, குஞ்சுகள் பஞ்சு உருண்டை மாதிரி மணலிலை ஓடித்திரியிற நேரம். கொழும்பிலையிருந்து ஒரு ஐயா வந்தார். பணிவான மனிசன், மரியாதையான பேச்சு, பறவையளிலை உண்மையான பற்று. கரையைப் பாத்துப்போட்டு, இஞ்சை ஒரு பெரிய போர்டும் பச்சைப் பெயின்ற் அடிச்ச வேலியும் தன்ரை செலவிலை போட்டுத்தாறன் எண்டார். வாசலுக்கும் ஒண்டு எண்டார். மிஸ் கீறி வைச்சிருந்த படம் அலுமாரியிலை இருக்குது, எனக்குத் தெரியும். யேசுதாசன் கொஞ்சம் தள்ளி இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தவர், கை நிண்டுபோச்சு. பொத்துற மாதிரித்தான் இருந்தார், ஆனா ஊசி அசையேல்லை.

மிஸ் அலுமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. களப்பைப் பாத்தா. நான் அவவின்ரை வாயைப் பாத்தன். அவ குடையை மடக்கினா, விரிச்சா, பேந்தும் மடக்கினா. கடைசியிலை, கரையிலை பிறந்து வளந்த ஆள் மாதிரி வலு சாதாரணமாச் சொன்னா: "குறை நினையாதேங்கோ ஐயா. இஞ்சை வலை காயுது. வலை காயிற இடத்திலை நாங்கள் ஒண்டும் நாட்டுறேல்லை."

இனி

ஐயா சிரிச்சுப்போட்டு, சப்பாத்தைக் கழட்டிக் கையிலை எடுத்துக்கொண்டு கயிறைச் சுத்தி நடந்து போனார், தாண்டேல்லை. அதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு மறுமொழி. வாசலுக்கு மட்டும் ஒண்டு போட்டா என்ன எண்டு நான் மிஸ்ஸிட்டைக் கேட்டனான். விசாரிச்சு வாற ஆக்கள் கரை ஆக்களோடை ரெண்டு வார்த்தை கதைச்சுப்போட்டு வரட்டும் எண்டுட்டா.

கடைசிக் குஞ்சு நேற்றுப் பறந்திட்டுது. யேசுதாசன் இண்டைக்குக் கயிறைச் சுத்தி எடுத்துப்போட்டார். அவரின்ரை இடத்திலை இப்ப ஒண்டுமே இல்லை, வெறும் மணல்தான். அந்த வெறும் மணலைப் பாத்துக்கொண்டு அந்தாள் எவ்வளவு நேரம் நிண்டதெண்டு நீங்கள் பாத்திருக்கவேணும். குழாய்க்கண்ணாடியோடை வந்து நிண்ட என்னை இந்தக் கரை துரத்தாமல் விட்டுது, தண்ணி கேட்டாத் தேத்தண்ணி தந்துது. அதுக்கு நன்றி சொல்ல இரவு வகுப்பிலை ஒரு வசனமும் படிப்பிக்கேல்லை. மொத்தத்திலை, ஆக்களுக்குப் பறவையைக் காட்டவெண்டு என்னை வேலைக்கு எடுத்தினம், நான் செய்யிறது முக்கால்வாசியும் ஆக்களுக்கு ஆக்களைக் காட்டுற வேலைதான்.

கேக்குதே சத்தம்? அல்பிரட்டின்ரை இடத்திலையிருந்து யேசுதாசன்தான்.

"அண்ணை! வள்ளத்தை அதின்ரை வீட்டுக்குக் கொண்டுவாறம், இழுக்க ஆள் காணாது! கதை முடிஞ்சுதோ, இல்லையோ?"

முடிஞ்சுது, முடிஞ்சுது. வாறன் தம்பி! நீங்களும் சும்மாதானே இருக்கிறியள், செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ.